எந்த கிளப் பெரியது? வாய்ச்சண்டையைக் கணக்காக மாற்றும் வழி, படிப்படியாக

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஆட்டம் முடிந்து டீ குடிக்க ஒதுங்கும் கூட்டத்தில் கால்பந்து கிளப் சண்டை ஓய்ந்த நாளே கிடையாது. அந்தச் சண்டைக்கு நோட்டுப் போட்டு எழுதும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. புதிதாக வரும் தம்பிகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உட்கார்ந்ததும் கோப்பைகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எதை எண்ணினோம், ஏன் எண்ணினோம் என்ற யோசனை அப்புறம்தான் வரும்.

எண்ணுவது ஆறாவது படி. முதல் ஐந்தைத் தாண்டிக் குதித்தால் திரும்ப முதலிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

முன்னதாகக் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, பேனா, பென்சில். போனில் கணக்குப் போடாதீர்கள். போன் ஒருவர் கையில்தான் இருக்கும், அவர் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுவார். நோட்டு மேசையில் விரிந்து கிடந்தால் எல்லோர் கண்ணும் அதில் இருக்கும்.

மூன்று பேர் வேண்டும். ஆளுக்கொரு கிளப்பின் ரசிகராக இருவர், இரண்டையும் சேராத ஒருவர். எங்கள் மூன்றாவது ஆள் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவனுக்குச் சரியாகத் தெரியாது. இந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். எந்தக் கோப்பைப் பெயரைக் கேட்டாலும் அவன் முகம் மாறாது.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாம்பியன்ஸ் லீக் நடந்த மறுநாள் மட்டும் வேண்டாம். நமக்கு அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 12.30 அல்லது 1.30 மணிக்குத்தான் தொடங்குகின்றன. தூங்காத கண்ணுக்கு நேற்று ராத்திரி விழுந்த கோல் அறுபது வருட வரலாற்றைவிடப் பெரிதாகத் தெரியும்.

பட்டியல் இரண்டு இடத்திலிருந்து வேண்டும்: கிளப் தானே வெளியிடும் சாதனைப் பட்டியல், போட்டியை நடத்தும் அமைப்பின் பட்டியல். கிளப்புகள் தங்களுக்குப் பெருமை சேர்ப்பதையெல்லாம் சேர்த்து எழுதும். அமைப்பின் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால்தான் கூடுதல் எங்கே வந்தது என்று தெரியும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பெரிய கிளப்" என்ற சொல்லுக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அதிகம் வென்றது எது? உச்சத்தில் இருந்தபோது யாராலும் தொட முடியாமல் இருந்தது எது? கையில் இருந்த வசதிக்கு மேல் சாதித்தது எது? அதிகம் பேர் நேசிப்பது எது? நான்காவதை உடனே அடித்துவிடுங்கள், நோட்டில் எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை அது. மீதி மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து முதல் வரியில் எழுதுங்கள்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 1977-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே ஏறிய அணி. 1978-ல் இங்கிலாந்து லீக்கை வென்றது, 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) தூக்கியது. உள்ளூர் லீக்கை அது வென்றது அந்த ஒரே தடவைதான். அதிகம் வென்றது யார் என்று கேட்டால் ஃபாரஸ்ட் வெகு கீழே கிடக்கும். வசதிக்கு மேல் சாதித்தது யார் என்று கேட்டால் அதன் பக்கத்தில் நிற்க ஆள் தேட வேண்டும்.

ஒருவன் முதல் கேள்விக்கும் இன்னொருவன் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் அது முடியவே இல்லை.

2. கிளப் எது என்று முடிவு செய்யுங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கிளப்புகள் இணைகின்றன, ஊர் மாறுகின்றன, மூடப்படுகின்றன. இதைத் தேதிக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். கிளப் எது என்று தெரியாமல் அதற்குப் பிறந்த தேதி எழுத முடியாது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஏடிகே என்ற கொல்கத்தா அணி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை 2014, 2016, 2019–20 என மூன்று தடவை வென்றது. 2020-ல் அது மோகன் பகானோடு இணைந்தது. அந்த ஏடிகே மோகன் பகான் 2022–23 கோப்பையை வென்றதும் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் என்று மாறியது. ஏடிகேயின் மூன்று கோப்பைகள் 1889-ல் தொடங்கிய மோகன் பகான் கணக்கில் சேருமா? சேர்த்தால், மோகன் பகான் ரசிகர்கள் எதிரணியாகப் பார்த்த அணியின் வெற்றி அவர்கள் அலமாரிக்கு வந்துவிடும். சேர்க்காவிட்டால் அந்தக் கோப்பைகளுக்கு வாரிசே இல்லை.

இங்கிலாந்தில் விம்பிள்டன் 1988-ல் எஃப்.ஏ. கோப்பையை (தோற்றால் வெளியேறும் அந்நாட்டுப் பழைய கோப்பை) வென்ற அணி. பின்னால் அதை மில்டன் கீன்ஸ் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய ரசிகர்கள் 2002-ல் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். மில்டன் கீன்ஸ் அணி 2007-ல் பழைய விம்பிள்டனின் சாதனைகளுக்கு உரிமை கோருவதை விட்டுவிட்டது.

என் விதி: ரசிகர் கூட்டம், பெயர், ஊர் மூன்றில் இரண்டாவது தொடர்ந்தால் அதே கிளப். உங்கள் விதி வேறாக இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அது நோட்டில் இருக்க வேண்டும், இரு கிளப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. தேதிக்கோடு கிழியுங்கள்

எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? இந்த இரண்டு எண்ணை எழுதாமல் போன சண்டைதான் எங்கள் நோட்டில் அதிகம்.

பெரிய பொறி 1992. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கிய வருடம். லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 2024–25 பருவம் முடிய ஆளுக்கு 20 லீக் பட்டம் வைத்திருக்கின்றன. லிவர்பூலின் 18 பட்டங்கள் 1992-க்கு முந்தியவை. யுனைடெட்டுக்கு முன்னால் 7, பின்னால் 13. கோட்டை 1992-ல் கிழித்தால் 13-க்கு 2. லீக் தொடங்கிய 1888-ல் கிழித்தால் சமம். டிவி வந்த பிறகு பந்து பார்க்கத் தொடங்கிய நம் பையன்களுக்கு 1992 இயல்பான தொடக்கமாகத் தோன்றும். அது டிவியின் தொடக்கம், லீக்கின் தொடக்கமில்லை.

ஜெர்மனியில் இதே வேலையை 1963 செய்கிறது. பண்டெஸ்லிகா அப்போதுதான் வந்தது. ஷால்கே ஏழு தடவை தேசிய சாம்பியன், ஏழும் அதற்கு முன்னால். கோட்டை 1963-ல் கிழித்தால் ஷால்கேக்கு ஒன்றும் மிஞ்சாது.

கோடு பின்னோக்கியும் நகரும். பிரேசில் கால்பந்து கூட்டமைப்பு 2010 டிசம்பரில், 1971-க்கு முன் நடந்த இரண்டு தேசியப் போட்டிகளையும் லீக் பட்டமாக ஏற்றுக்கொண்டது. சாண்டோஸ் அணியின் பட்டங்கள் இரண்டிலிருந்து எட்டாயின. யாரும் பந்தை உதைக்கவில்லை, பேனாதான் ஓடியது. அதனால் பட்டியல் எடுத்த தேதியையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் தேசிய அளவிலான லீக் 1996–97-ல்தான் வந்தது. முதல் சாம்பியன் பக்வாராவின் ஜேசிடி. அங்கே கோடு கிழித்தால், 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 என வென்று மோகன் பகான் எடுத்த ஐஎஃப்ஏ ஷீல்டு வெளியே போய்விடும். 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து தடவை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் காணாமல் போகும். அப்படிக் கிழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கிழிக்கும்போது யார் வெளியே விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிழியுங்கள்.

4. கோப்பைகளை அடுக்காகப் பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் போகும், போக வேண்டும். 2024–25 பருவம் முடிய இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

லிவர்பூல்: லீக் 20, எஃப்.ஏ. கோப்பை 8, லீக் கோப்பை (லீக் பட்டம் வேறு, இது தோற்றால் வெளியேறும் தனிப் போட்டி) 10, ஐரோப்பியக் கோப்பை 6, யூஃபா கோப்பை 3, ஐரோப்பிய சூப்பர் கோப்பை 4, உலக கிளப் கோப்பை 1, கம்யூனிட்டி ஷீல்டு 16.

மான்செஸ்டர் யுனைடெட்: லீக் 20, எஃப்.ஏ. கோப்பை 13, லீக் கோப்பை 6, ஐரோப்பியக் கோப்பை 3, யூரோப்பா லீக் (யூஃபா கோப்பையின் புதுப் பெயர்) 1, கோப்பை வென்றோர் கோப்பை 1, ஐரோப்பிய சூப்பர் கோப்பை 1, இன்டர்காண்டினென்டல் கோப்பை 1, உலக கிளப் கோப்பை 1, கம்யூனிட்டி ஷீல்டு 21.

எல்லாவற்றையும் கூட்டினால் 68-க்கு 68. எதிரணியோடு பகிர்ந்துகொண்ட ஷீல்டுகளும் இதில் அடக்கம். பருவத் தொடக்கத்தில் ஒரே ஆட்டமாக நடக்கும் அந்த ஷீல்டை எடுத்துவிட்டால் லிவர்பூல் 52, யுனைடெட் 47. ஒற்றை ஆட்டமோ ஓரிரு ஆட்டமோ மட்டும் உள்ள சூப்பர் கோப்பை, இன்டர்காண்டினென்டல், உலக கிளப் கோப்பை வகையறாவையும் எடுத்தால் 47-க்கு 44. லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் லிவர்பூல் 34, யுனைடெட் 36. முன்னணி கைமாறிவிட்டது!

ஒரே பட்டியல்தான். சல்லடையின் கண்ணை மாற்றியதும் ஒரு தடவை சமம், இரண்டு தடவை லிவர்பூல், ஒரு தடவை யுனைடெட். எண்ணிக்கை தீர்ப்புச் சொல்லும் என்று நம்பி வருகிறவனிடம் இந்தப் பக்கத்தை முதலில் காட்டுவேன். தீர்ப்பைச் சொல்வது சல்லடைதான்.

அடுக்கு பிரிக்க ஒவ்வொரு கோப்பையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். வெல்ல எத்தனை ஆட்டம் ஆட வேண்டும்? உள்ளே வர யாருக்கெல்லாம் அனுமதி? பெரிய அணிகள் முழு பலத்தோடு ஆடினவா, பையன்களை இறக்கிச் சமாளித்தனவா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் மேல் அடுக்கு, இரண்டுக்கு வந்தால் நடு, ஒன்றோ சுழியமோ வந்தால் கீழ் அடுக்கு.

ஊர்ப்போட்டிகளில் பழகிய நமக்கு இது புதிதில்லை. கோயில் கொடைக்கு நடத்தும் ஒருநாள் ஐவர் ஆட்டக் கோப்பையும், மூன்று வாரம் இழுக்கும் போட்டியின் சுழற்கோப்பையும் கடை அலமாரியில் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஐவர் கோப்பை சில சமயம் இன்னும் உயரமாகக்கூட இருக்கும். அவற்றை ஒன்றாக எண்ணும் ஆள் ஊரில் யாரும் இல்லை.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, புள்ளி போடுவது. லீக்குக்கு ஐந்து, கோப்பைக்கு மூன்று, ஷீல்டுக்கு அரை என்று பெருக்கிக் கூட்டி, தசமத்தோடு ஒரு விடை கொண்டுவருவார்கள். ஐந்து ஏன் நான்காகக் கூடாது என்று கேட்டால் பதில் இருக்காது. அபிப்பிராயத்தை எண்ணாக வேஷம் போட்டு உட்கார வைக்கும் வேலை அது. அடுக்குகளை அடுக்குகளாகவே விடுங்கள். மேல் அடுக்கை முதலில் ஒப்பிடுங்கள், அங்கே சமமானால் மட்டும் அடுத்த அடுக்குக்கு இறங்குங்கள்.

இன்னொரு சிக்கல், காலமான போட்டிகள். 1955-ல் தொடங்கி 1971 வரை நடந்த ஃபேர்ஸ் கோப்பையை பார்சிலோனா மூன்று தடவை வென்றது. வணிகக் கண்காட்சி நடத்தும் நகரங்களுக்காகத் தொடங்கிய போட்டி அது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா தன் அதிகாரபூர்வக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, பார்சிலோனா தன் பட்டியலில் சேர்க்கிறது. நான் நடு அடுக்கில் வைப்பேன். ஆடின அணிகள் உண்மையான அணிகள்தானே.

5. விதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

கேள்வி, கிளப், தேதி, அடுக்கு நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டீக்கடை விவகாரத்துக்குக் கையெழுத்தா என்று கேட்பார்கள். போடச் சொல்லுங்கள்.

காரணம் நான்தான். எங்கள் முதல் நோட்டில் லிவர்பூலுக்காக நான் உட்கார்ந்தேன். எண்ணி முடிக்கும்போது மேல் அடுக்கில் பின்தங்கியிருந்தது. உடனே லீக் கோப்பையின் அருமை பெருமையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதை மேல் அடுக்குக்கு ஏற்ற ஐந்து காரணம் சொன்னேன், ஐந்தும் நல்ல காரணம்தான். கிரிக்கெட் தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, போன வாரம் யுனைடெட்காரன் இந்தக் கோப்பையைப் பத்திப் பேசுனப்போ, அதெல்லாம் ஒரு கோப்பையாலேன்னு நீங்கதானே கேட்டீய?"

அன்றைக்கு டீக்காசு என்னுடையது. மறுவாரத்திலிருந்து கையெழுத்து வந்தது.

விதியில் மாற்றம் வேண்டுமென்றால் மாற்றலாம். ஆனால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, புதுப் பக்கத்தில், வேறு இரண்டு கிளப்புகளை வைத்துத்தான் புதிய விதியைச் சோதிக்க வேண்டும். தன் கிளப்புக்காகச் செய்த விதி அடுத்த கிளப்பிடம் பல்லிளிக்கும்.

6. இப்போது எண்ணுங்கள்

இது பத்து நிமிட வேலை. ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாவது ஆள் அமைப்பின் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பருவத்தை 1978–79 என்று இரண்டு வருடமாக எழுதுங்கள். ஒருவர் 78 என்றும் இன்னொருவர் 79 என்றும் எழுதி ஒரே பட்டத்தை இரண்டாக எண்ணியது உண்டு.

தகராறு உள்ளதைப் பென்சிலில் எழுதுங்கள். இத்தாலியின் யுவென்டஸுக்கு 2004–05 லீக் பட்டம் பறிக்கப்பட்டது, 2005–06 பட்டம் இன்னொரு அணியான இன்டருக்குப் போனது. அதிகாரபூர்வக் கணக்கு 36, ரசிகர்கள் சொல்வது 38. மார்செய் அணியிடமிருந்து 1992–93 பிரெஞ்சு லீக் பட்டம் பறிபோனது, அதே பருவத்து சாம்பியன்ஸ் லீக் கோப்பை மட்டும் அவர்களிடமே நிலைத்தது. பென்சில் எண்ணைச் சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். முடிவு மாறவில்லையென்றால் அந்தத் தகராறைப் பேசவே தேவையில்லை, நேரம் மிச்சம்.

பைனலில் தோற்றதற்குத் தனிப் பத்தி போடுங்கள். யுவென்டஸ் ஐரோப்பியக் கோப்பைப் பைனலுக்கு ஒன்பது தடவை போய் இரண்டில் வென்றது. ஃபாரஸ்ட் இரண்டு தடவை போய் இரண்டிலும் வென்றது. கோப்பைக் கணக்கில் இரண்டும் சமம். ஒன்பது பைனல் ஆடிய அணியையும் இரண்டு ஆடிய அணியையும் அப்படியே சமமென்று விட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதைக் கோப்பையோடு கூட்டாதீர்கள், பக்கத்தில் நிற்கட்டும்.

7. பாதையைக் குறியுங்கள்

ஒரே பெயருள்ள கோப்பைக்கு எல்லாக் காலத்திலும் ஒரே விலை இல்லை. முதல் ஐரோப்பியக் கோப்பையை 1956-ல் வெல்ல ரியல் மாட்ரிட் ஆடியது 7 ஆட்டம். 1979-ல் ஃபாரஸ்ட் ஆடியது 9. 2019-ல் லிவர்பூல் 13. புதிய அமைப்பில் 2025-ல் பாரிஸ் சான் ஜெர்மான் 17.

இதை வைத்துக்கொண்டு பழைய கோப்பை சுலபம் என்று பாயும் தம்பிகள் உண்டு. கொஞ்சம் பொறுக்கணும். அன்று அநேகமாக ஒவ்வொரு நாட்டின் சாம்பியனும், முந்தைய வருடம் கோப்பை வென்ற அணியும் மட்டும்தான் உள்ளே வரலாம். இரண்டாம் இடத்து அணிகளுக்குக் கதவு திறந்தது 1997–98-ல். அதோடு அது முழுக்க நாக்-அவுட், ஒரு மோசமான இரவு போதும் மூட்டை கட்ட. 1978–79-ல் ஃபாரஸ்ட் முதல் சுற்றிலேயே சந்தித்தது, அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பையை வைத்திருந்த லிவர்பூலை. லீக் சுற்று இருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

கதவு மூடியிருந்ததையும் குறியுங்கள். 1955-ல் இங்கிலாந்து சாம்பியன் செல்சி. லீக் நிர்வாகம் தடுத்ததால் முதல் ஐரோப்பியக் கோப்பைக்குப் போகவில்லை. ஐரோப்பியக் கோப்பைப் பைனலில் ரசிகர்கள் பலர் இறந்த 1985 ஹெய்சல் துயரத்துக்குப் பின் இங்கிலாந்து கிளப்புகள் ஐந்து வருடம் ஐரோப்பாவுக்கு வெளியே நின்றன. 1985-லும் 1987-லும் சாம்பியனான எவர்டனால் அந்தப் பட்டங்களை வைத்து ஐரோப்பியக் கோப்பையில் ஆடவே முடியவில்லை. எவர்டன் வென்றிருக்கும் என்று எழுதாதீர்கள், அது ஜோசியம். "வாய்ப்பு இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் சுழியம் போடுவதும் கோடு போடுவதும் ஒன்றல்ல.

8. பத்தாண்டுக் கட்டம் போடுங்கள்

பக்கத்தைக் குறுக்கே பத்து வருடத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, மேல் அடுக்குக் கோப்பைகளை அந்தந்தக் கட்டத்தில் புள்ளியாக வையுங்கள். மொத்த எண் மறைத்ததைக் கண்ணே காட்டிவிடும்.

லிவர்பூலின் கட்டத்தில் 1972–73 முதல் 1989–90 வரை 18 பருவத்தில் 11 லீக் பட்டம் நெருக்கியடித்து நிற்கும். அப்புறம் 30 வருடம் லீக் வரிசை வெறுமை. யுனைடெட்டில் 1967 முதல் 1993 வரை வெறுமை, நடுவே 1974-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதும் உண்டு. அப்புறம் 21 பருவத்தில் 13 பட்டம். ஒருவர் வறண்ட காலம் மற்றவர் வெள்ளக் காலம். தாமிரபரணி மாதிரி இரண்டு மழையிலும் ஓடுகிற கிளப் ஐரோப்பாவில் ரொம்பக் குறைவு.

முதல் படியில் "உச்சம்" கேள்வியை எடுத்திருந்தால் நெருக்கமான கட்டத்தை ஒப்பிடுங்கள். "அதிகம்" கேள்வி என்றால் எத்தனை கட்டத்தில் புள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள். இங்கே வரும் தவறு, தான் கண்ணால் பார்த்த கட்டத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டுவது.

9. பணத்தைத் தனியே எழுதுங்கள்

கடலோர ஊர்ப் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து வென்ற அணியையும், ஒரே தெருப் பையன்களாக வென்ற அணியையும் ஊர் வேறு வேறு குரலில்தான் பேசும். கோப்பை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதே மாதிரி செல்சிக்கு 2003-லும் மான்செஸ்டர் சிட்டிக்கு 2008-லும் புதிய முதலாளிகள் வந்ததை நோட்டில் ஒரு குறியாகப் போடுங்கள். அதற்கு முன், அதற்குப் பின் என்று பார்க்கலாம். ஆனால் பணம் கொடுத்த கோப்பைக்குப் பாதி விலை என்று கழிக்கத் தொடங்காதீர்கள். காசு இல்லாத பெரிய கிளப் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, காசு வந்த வழிதான் மாறியது. பணக்கணக்கை ஒரே காலத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 2015–16-ல் 5000-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் தொடங்கி லீக்கை வென்ற லெஸ்டரை, அதே பருவத்து மற்ற அணிகளோடு வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சாதனையின் கனம் தெரியும்.

10. தீர்ப்பை நிபந்தனையோடு எழுதுங்கள்

"லிவர்பூல்தான் பெரியது" என்று எழுதினால் மறுநாளே யாராவது அடித்துவிடுவான். இப்படி எழுதுங்கள்: "1888 முதல் 2025 மே வரை, லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் மேல் அடுக்காக வைத்தால், யுனைடெட் இரண்டால் முன்னே. ஐரோப்பியக் கோப்பையை மட்டும் தனி அடுக்காக வைத்தால் லிவர்பூல் மூன்றால் முன்னே." நீளம்தான். ஆனால் இதை மறுக்க வருகிறவன் எந்த நிபந்தனையை மறுக்கிறான் என்று சொல்லியாக வேண்டும். வாதம் அந்த ஒரு இடத்தில் மட்டும் நடக்கும்.

11. போட்டுக் காட்டிய கணக்கு: சென்னையினும் சென்னை சிட்டியும்

எல்லாப் படியும் ஒரு பக்கத்தில் அடங்குவதால் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்போம்.

கேள்வி: 2014 முதல் 2019 வரை சென்னைப் பெயரில் ஆடிய இரண்டு கிளப்பில் பெரிய சாதனை எது? கோடு ஐஎஸ்எல் தொடங்கிய வருடத்தில்.

சென்னையின் எஃப்சி 2015-லும் 2017–18-லும் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. சென்னை சிட்டி 2018–19-ல் இந்தியாவின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றது. தலையை எண்ணினால் 2–1.

அடுக்குக்கு வருவோம். 2015 ஐஎஸ்எல்லில் எட்டு அணி, 14 லீக் ஆட்டம், அப்புறம் அரையிறுதி, பைனல். நாட்டின் லீக் என்ற தகுதி அப்போது ஐ-லீக்கிடம்தான் இருந்தது. 2017–18-ல் ஆசியக் கூட்டமைப்பு ஐஎஸ்எல்லையும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஐ-லீக்கை வென்றால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று, ஐஎஸ்எல்லை வென்றால் அதற்கு அடுத்த அடுக்கான ஏஎஃப்சி கோப்பை. எனவே ஆசியாவின் கண்ணில் ஐ-லீக் ஒரு படி மேலே.

பாதை: 2017–18 லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம், சென்னையின் 32 புள்ளியோடு இரண்டாமிடம். பைனலில் பெங்களூரு மண்ணிலேயே சென்னையின் 3–2 என வென்றது. 2015-லும் கோவா மண்ணில் கோவாவை அதே 3–2. எதிரியின் வீட்டில் இரண்டு பைனல் வெல்வது லேசில்லை. சென்னை சிட்டி 20 ஆட்டம் ஆடி 43 புள்ளி எடுத்தது, ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என வென்றுதான் பட்டம் கைக்கு வந்தது.

பணம்: 2015-ல் சென்னையினின் பயிற்சியாளர் 2006 உலகக் கோப்பைப் பைனலில் கோல் அடித்த மார்கோ மட்டராஸி. சென்னை சிட்டியிடம் அப்படிப்பட்ட பெயர் எதுவும் இல்லை.

எங்கள் தீர்ப்பு: "பருவம் முழுவதும் முன்னே நிற்பதை மேல் அடுக்காக வைத்தால் சென்னை சிட்டி, நாக்-அவுட்டில் தாங்குவதையும் சேர்த்து எண்ணினால் சென்னையின்." மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மேலப்பாளையத்திலிருந்து புதிதாக வந்திருந்த பையன் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த சீசன் பூரா கோயம்புத்தூர்ல ஆடின டீம் எப்படி அண்ணே சென்னை டீம் ஆகும்?" என்று கேட்டான்.

இரண்டாம் படிக்குத் திரும்பினோம். இன்னொரு ரவுண்டு டீ சொல்ல வேண்டியதாயிற்று.